கணக்கு ஒன்று, சாப்பிடுகிறவர்கள் பலர்: உணவு டெலிவரி ஆப்பில் ‘இந்த வேளைக்கு’ வரிசையை வடிவமைப்பது

ஒரே கணக்கிலிருந்து திங்கட்கிழமை மதியம் அலுவலக முகவரிக்கு ஒருவர் சாப்பாடு போகிறது. சனிக்கிழமை இரவு வீட்டு முகவரிக்கு ஐந்து பேர் சாப்பாடு. நடுவில் ஒருநாள் இரவு பதினொன்றரை மணிக்கு ஒரே ஒரு இனிப்பு. மூன்றையும் ஒன்றாகக் கலந்து ‘உங்களுக்குப் பிடித்தவை’ என்று ஒரு வரிசை போட்டால், மதியம் தனியாகச் சாப்பிட ஆப்பைத் திறந்தவர் முன்னால் ஃபேமிலி பேக் வந்து நிற்கும். அவர் அதைத் தள்ளிவிட்டுத் தேடல் பெட்டிக்குப் போவார். அடுத்த முறை அந்த வரிசையைப் பார்க்கவே மாட்டார்.

தனிப்பயன் பரிந்துரைகள் உணவு ஆப்களில் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஆளைப் படிக்க முயல்கிறார்கள், வேளையைப் படிப்பதில்லை. யாருக்காக, எத்தனை பேருக்கு, எந்த நேரத்தில், எந்த முகவரிக்கு என்ற நான்கும் தெரிந்துவிட்டால் ‘என்ன பிடிக்கும்’ என்பதில் பாதி தானாகவே தீர்ந்துவிடும். அந்த நான்கை வைத்து முகப்புத் திரையின் மேற்பகுதியில் ‘இந்த வேளைக்கு’ என்றொரு வரிசையை எப்படிக் கட்டுவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆப் வடிவமைப்பவர்கள், நிரல் எழுதுபவர்கள், எதைக் கட்டுவது என்று தீர்மானிப்பவர்கள் மூவரையும் மனதில் வைத்து எழுதியது.

வரிசையில் என்ன இருக்கும்

ஆறு அட்டைகள். ஒவ்வொன்றும் ஒரு கடையோ ஒரு பதார்த்தமோ அல்ல, ஆர்டர் போடத் தயாரான முழுக் கூடை: பதார்த்தங்கள், அவற்றின் எண்ணிக்கை, காரம் குறைவு போன்ற தேர்வுகள், இன்றைய விலை, வந்து சேரும் நேரம். அட்டையைத் தொட்டால் நேரே சரிபார்க்கும் திரைக்குப் போகவேண்டும். கடையின் மெனுவுக்கு அனுப்பினால் இந்த வசதியின் பயனே போய்விடும், ஏனென்றால் அங்கே மறுபடியும் தேடவேண்டும்.

ஆறில் மூன்று, இதே மாதிரி வேளையில் முன்பு வாங்கிய கூடைகள். இரண்டு, ருசியிலும் விலையிலும் அவற்றுக்கு நெருக்கமானவை. ஒன்று முற்றிலும் புதியது. ஆறுக்கு மேல் போகவேண்டாம். கீழே ஏற்கெனவே நீண்ட பட்டியல் இருக்கிறது, அதை மேலேயும் கொண்டுவருவதில் பொருளில்லை. மூன்று ஆர்டர்கூடப் போடாத புதுப் பயனருக்கு இந்த வரிசையைக் காட்டவே வேண்டாம் என்பது என் கருத்து. வரலாறே இல்லாதபோது ‘உங்களுக்காக’ என்று சொல்வது பொய், அதைப் பயனர் உடனே கண்டுகொள்வார். அவருக்கு ‘இந்தப் பகுதியில் இந்த நேரத்தில் அதிகம் போவது’ என்று நேர்மையாகப் பெயர் வைத்துக் காட்டுங்கள்.

வேளையை எப்படிக் கணக்கிடுவது

நாளை ஐந்தாகப் பிரிக்கலாம்: காலை 5 முதல் 11, மதியம் 11 முதல் 3.30, மாலை 3.30 முதல் 6.30, இரவு 6.30 முதல் 10.30, பின்னிரவு 10.30 முதல் 5. ஆனால் இந்தக் கோடுகளைச் சுவர் மாதிரி வைக்கக்கூடாது. 10.55க்குத் திறந்தவருக்குக் காலை உணவும் 11.05க்குத் திறந்தவருக்கு மதிய உணவும் காட்டினால் அபத்தமாகிவிடும். வேளை ஒன்றானால் முழு எடை, அடுத்த வேளையானால் 0.4, மற்றவற்றுக்கு 0.1 என்று தொடங்குங்கள். மாடல் (பழைய தரவிலிருந்து கற்றுக் கணிக்கும் நிரல்) பயிற்றும் கட்டத்துக்கு வந்ததும் மணியை நேரடி எண்ணாகக் கொடுக்காமல் 24 மணி வட்டத்தின் சைன், கோசைன் மதிப்புகளாகக் கொடுங்கள். இல்லாவிட்டால் இரவு 11.45க்கும் 12.15க்கும் இடையே இருபத்துமூன்றரை மணி நேரம் இருப்பதாக அது நினைத்துக்கொள்ளும்.

நேரத்தில் அடிக்கடி வரும் பிழைகள் இரண்டு. சர்வர் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் லாக் (நடந்தவற்றின் பதிவு) எழுதுகிறது, பயனர் இருக்குமிடத்தின் நேர மண்டலத்தை யாரும் சேமிப்பதில்லை. ஆறு மாதத் தரவு சேர்ந்த பிறகு பார்த்தால் இரவுச் சாப்பாடெல்லாம் மதியமாக நிற்கிறது. ஆகவே ஒவ்வொரு ஆர்டரோடும் டெலிவரி முகவரியின் நேர மண்டலத்தையும் சேர்த்தே சேமிக்கவேண்டும். இரண்டாவது, நாள் மாறும் எல்லை. சனிக்கிழமை அதிகாலை 12.40க்கு வந்த ஆர்டர் உண்மையில் வெள்ளி இரவின் தொடர்ச்சி. நள்ளிரவை எல்லையாக வைத்தால் வார நாள், வார இறுதி என்ற பிரிவே குழம்பிப்போகும். நாளின் தொடக்கத்தை அதிகாலை 5 மணிக்கு நகர்த்திவிடுங்கள்.

எத்தனை பேருக்கு என்பதைக் கூடையிலுள்ள மொத்தப் பொருட்களை எண்ணிக் கண்டுபிடிக்க முடியாது. ஒருவரே ஒரு முக்கிய உணவு, இரண்டு தொட்டுக்கொள்ள, ஒரு பானம் என்று நான்கு பொருள் வாங்குவார். முக்கிய உணவுகளை மட்டும் எண்ணுங்கள். அதற்கு மெனுவில் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் முக்கிய உணவு, துணை, பானம், இனிப்பு என்ற அடையாளம் வேண்டும். ‘நான்கு பேருக்கு’ என்று விற்கும் பேக்குக்கு நான்கு என்ற எண்ணும் வேண்டும். ஒருவர், இருவர், மூவர் அல்லது அதற்கு மேல் என்று மூன்று பிரிவு போதும்.

முகவரி இன்னொரு வலுவான குறிப்பு. ஒரே ஒரு முறை மட்டும் வந்த முகவரியைப் பெரும்பாலும் வேறு யாருக்கோ அனுப்பியது என்று எடுத்துக்கொள்ளலாம். அந்த ஆர்டரிலிருந்து ருசியைக் கற்காதீர்கள். அதே முகவரி இரண்டாம் முறை வந்தால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

இப்போது இவற்றைச் சேர்ப்போம். பழைய ஆர்டரின் எடை 30 நாளில் பாதியாகட்டும்: இன்றைக்கு 1, 30 நாள் முன்பு 0.5, 60 நாள் முன்பு 0.25. அதை வேளை எடையால் பெருக்குங்கள். வார நாள், வார இறுதி பொருந்தினால் 1, இல்லையேல் 0.6. முகவரி பொருந்தினால் 1, இல்லையேல் 0.3. ஒரு கூடையை இதே வேளையில் 10, 24, 45, 80 நாட்களுக்கு முன் வாங்கியிருந்தால் எடைகள் முறையே 0.79, 0.57, 0.35, 0.16, கூட்டினால் 1.87. முந்தாநாள் பின்னிரவில் ஒரே முறை வாங்கிய இனிப்புக்கு 0.95ஐ 0.1ஆல் பெருக்கி 0.095தான் வரும். அதனால் மதிய நேரத்தில் அது மேலே ஏறாது. எந்த மாடலும் இல்லாமல் இவ்வளவு தூரம் வந்துவிடலாம். இந்த எண்களெல்லாம் தொடக்கப்புள்ளிகள்தான். உங்கள் தரவில் ஓட்டிப்பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு திருத்தம் உண்டு. சிலர் தினமும் ஒன்றையே சாப்பிடுவார்கள், சிலருக்கு நேற்றுச் சாப்பிட்டது இன்று ஆகாது. ஒவ்வொரு பயனருக்கும் ஒரே கூடை திரும்ப வர எத்தனை நாளாகிறது என்று நடுமதிப்பு எடுத்துவையுங்கள். கடைசியாக வாங்கி அந்த இடைவெளியில் பாதிகூட ஆகவில்லை என்றால் மதிப்பெண்ணைப் பாதியாக்குங்கள். பயிற்சிக்குத் தரவு தேடுபவர்களுக்கு: மளிகை டெலிவரி செய்யும் இன்ஸ்டாகார்ட் நிறுவனம் 2017இல் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்டர்களை, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பயனர்களின் அடையாளம் நீக்கி வெளியிட்டது. வார நாள், மணி, முந்தைய ஆர்டருக்குப் பிறகு எத்தனை நாள் என்பவை அதில் உண்டு. அந்தக் கடைசி எண் 30இல் வெட்டப்பட்டிருக்கிறது. 30 என்றால் ‘30 அல்லது அதற்கு மேல்’. அதைக் கவனிக்காமல் சராசரி எடுத்தால் தப்பாகிவிடும்.

மெனு தரவு: உழைப்பின் பெரும்பகுதி இங்கே

மதிப்பெண் போடும் சூத்திரத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இந்த வசதியை நடைமுறையில் உடைப்பது மெனு. கடைக்காரர் பழைய மெனுவை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றுகிறார். பதார்த்தம் அதேதான், ஆனால் அடையாள எண் மாறிவிட்டது. பயனரின் இரண்டு வருட வரலாறு ஒரே இரவில் அனாதையாகிவிடுகிறது, ‘முன்பு வாங்கியவை’ வரிசை காலியாகிறது.

இதற்கு மெனுவின் எண்ணைச் சாராத நிரந்தர அடையாளம் ஒன்றை நீங்களே உருவாக்கவேண்டும். கடை எண், சுத்தம் செய்த பெயர், பிரிவு மூன்றையும் சேர்த்து ஒரு சாவி. பெயரைச் சுத்தம் செய்வதென்றால் ஒரே எழுத்தைப் பலவிதமாகக் குறிக்கும் யூனிகோட் குறியீடுகளை ஒன்றாக்குவது, கண்ணுக்குத் தெரியாத எழுத்துக்குறிகளை நீக்குவது, ‘புதுசு’, ‘ஸ்பெஷல்’, ‘இன்று மட்டும்’ போன்ற விளம்பரச் சொற்களையும் நட்சத்திரங்களையும் களைவது. புதிய மெனு ஏறியதும் பழையதோடு ஒப்பிட்டு, பெயர் நெருக்கமாகவும் விலை 25 சதவீதத்துக்குள்ளும் இருந்தால் தானாக இணைக்கலாம். சந்தேகமானவற்றை மனிதக் கண்ணுக்கு அனுப்புங்கள். தவறாக இணைப்பது இணைக்காமல் விடுவதைவிட மோசம். ஒருவர் நம்பித் தொட்ட அட்டையிலிருந்து வேறு உணவு வந்துவிடும்.

அளவுதான் அடுத்த தொல்லை. ஒரு கடை சிறியது, பெரியது இரண்டையும் தனித்தனிப் பதார்த்தமாகப் போடும். இன்னொரு கடை ஒன்றைப் போட்டு உள்ளே தேர்வாக வைக்கும். கூடையைச் சேமிக்கும்போதே இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பயனர் சென்ற முறை எடுத்த தேர்வு இப்போது மெனுவில் இல்லை என்றால் அதற்கு இணையானதைச் சொல்லாமல் கொள்ளாமல் போட்டுவிடாதீர்கள். அட்டையைக் காட்டலாம், சரிபார்க்கும் திரையில் அந்த இடத்தைக் காலியாக விட்டு ‘இதை மட்டும் தேர்ந்தெடுங்கள்’ என்று கேட்கவேண்டும்.

விலையை எப்போதும் இன்றைய மெனுவிலிருந்து புதிதாகக் கணக்கிடுங்கள். சேமித்த பழைய விலையை அட்டையில் காட்டி, பணம் கட்டும் திரையில் கூடுதலாகக் காட்டினால் அந்தப் பயனர் இனி அட்டையைத் தொடமாட்டார்.

வரிசைப்படுத்துவதற்கு முன்பே சலித்துவிடவேண்டியவை: கடை திறந்திருக்கிறதா, டெலிவரி எல்லைக்குள் இருக்கிறதா, பொருள் இருப்பில் உண்டா, கடைசி ஆர்டர் நேரத்துக்கு இன்னும் 15 நிமிடமாவது இருக்கிறதா. அட்டை காட்டுவதற்கும் தொடுவதற்கும் இடையில் இருப்புத் தீர்ந்துபோகலாம், ஆகவே தொட்டதும் இன்னொருமுறை சரிபாருங்கள். எல்லைக் கணக்குக்கு ஊபர் நிறுவனம் 2018இல் திறந்த மூலமாக வெளியிட்ட எச்3 அறுகோணக் கட்டங்கள் (நிலப்பரப்பைச் சிறு அறுகோணங்களாகப் பிரிக்கும் முறை) வசதியானவை. எட்டாம் நிலைக் கட்டம் ஒன்று சராசரியாக 0.74 சதுர கி.மீ. கட்டம், வேளை இரண்டையும் சாவியாக வைத்து ‘இப்போது கிடைக்கக்கூடிய கடைகள்’ பட்டியலை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பித்து கேஷில் (உடனே எடுக்க வைக்கும் தற்காலிக நினைவகத்தில்) வைத்தால், அந்தக் கட்டத்திலுள்ள எல்லாருக்கும் அதுவே பயன்படும்.

யாருக்கு? ஒவ்வாமையும் உணவுக் கட்டுப்பாடும்

வரிசையின் தலைப்புக்குப் பக்கத்தில் மூன்று சிறு பட்டன்கள்: ‘எனக்கு’, ‘வீட்டுக்கு’, ‘விருந்தினருக்கு’. எதையும் தொடாமலே வரிசை வேலைசெய்யும். வேளை, முகவரியை வைத்து ஆப் ஒன்றைத் தானாகத் தேர்ந்து வைத்திருக்கும். தவறென்றால் ஒரே தொடுதலில் மாற்றலாம். அந்த மாற்றமே விலைமதிப்புள்ள தரவு, ஊகம் எந்தச் சூழலில் பிசகுகிறது என்பதை நேராகச் சொல்கிறது. ‘விருந்தினருக்கு’ என்று போட்ட ஆர்டர் எவருடைய ருசிக் கணக்கிலும் சேரக்கூடாது.

கட்டுப்பாடுகளைக் கணக்கோடு இணைக்காமல் சாப்பிடுகிற ஆளோடு இணைக்கவேண்டும். ‘வீட்டுக்கு’ என்ற குழுவில் நான்கு பேர், அவர்களில் ஒருவர் சைவம், ஒருவருக்கு நிலக்கடலை ஒவ்வாமை என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் ஒரே மாதிரி வடிகட்டினால் தவறு. ஒவ்வாமை முழுக் கூடைக்கும் பொருந்தும்: நால்வரில் ஒருவருக்கு ஆகாது என்றால் கூடையில் எதிலுமே அது இருக்கக்கூடாது, ஏனென்றால் ஒரே மேசையில் பாத்திரமும் கரண்டியும் மாறும். சைவம் அப்படியல்ல: கூடையில் அவர் சாப்பிடக்கூடிய முக்கிய உணவு ஒன்றாவது இருந்தால் போதும். எல்லாவற்றையும் சைவமாக்கினால் மற்ற மூவரும் இந்த வரிசையைக் கைவிட்டுவிடுவார்கள். அவரே குழுவில் உள்ள எல்லாருக்கும் சைவம் வேண்டும் என்று விரும்பினால் அதற்குத் தனித் தேர்வு கொடுங்கள். சில நாட்களில் மட்டும் அசைவம் தவிர்ப்பவர்களுக்கு வார நாளைச் சேர்த்துக் குறிக்கும் வசதியும் வேண்டும்.

ஒவ்வாமையை ஒருபோதும் ஊகிக்காதீர்கள். ‘இவர் நிலக்கடலை வாங்கியதே இல்லை’ என்பதிலிருந்து எதுவும் தெரியவராது. பயனரே சொல்லவேண்டும். கேட்கும் பட்டியலுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் 1169/2011 விதி குறிப்பிடும் 14 ஒவ்வாமைப் பொருட்கள் நல்ல அடித்தளம். அமெரிக்கப் பட்டியலில் எட்டு இருந்தன. 2023 ஜனவரி 1 முதல் எள்ளும் சேர்ந்து ஒன்பதாகிவிட்டது. பதார்த்தத்தின் பக்கத்தில் இந்தத் தகவலுக்கு மூன்று நிலைகள் வேண்டும்: உண்டு, இல்லை, தெரியாது. கடை நிரப்பாமல் விட்டதை ‘இல்லை’ என்று எடுத்துக்கொள்ளும் ஒரு வரி நிரல் ஒருவரின் உயிருக்கே ஆபத்தாகலாம். ஒவ்வாமை குறித்தவருக்குத் ‘தெரியாது’ என்பதும் தடைதான். சலித்ததில் தேறிய பதார்த்தத்துக்கும் ‘பாதுகாப்பானது’ என்று எழுதாதீர்கள். சமையலறையில் எண்ணெயும் கத்தியும் பொதுவானவை. ‘கடை தந்த தகவலின்படி இதில் சேர்க்கப்படவில்லை’ என்பதுதான் உங்களால் சொல்ல முடிந்தது.

இந்தத் தரவைக் கையாள்வதில் சட்டத்தின் பார்வையும் உண்டு. 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர், உடல்நலத்தையும் மத நம்பிக்கையையும் சிறப்புப் பாதுகாப்புக்குரிய தகவலாக வைத்திருக்கிறது. நேரடியாகச் சொல்லாவிட்டாலும் அவற்றை ஊகிக்க இடம்தரும் தரவும் அந்தப் பிரிவில் சேரும் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. உணவு வரலாறு அத்தகையதாக மாற அதிக தூரமில்லை. உங்கள் நாட்டுச் சட்டம் எதுவானாலும் அடிப்படை ஒன்றே: பயனர்களுக்கு மதம், நோய் போன்ற அடையாளச் சீட்டுகளை உள்ளுக்குள்கூட ஒட்டாதீர்கள். ஒவ்வாமைக் குறிப்பைத் தனி அட்டவணையில், தனி அனுமதியோடு வையுங்கள், விளம்பரப் பிரிவின் கைக்கு எட்டாதபடி. ‘என் ருசிக் கணக்கை அழி’ என்ற பட்டன் ஆர்டர் ரசீதுகளைத் தொடாமல் அந்தக் கணக்கை மட்டும் அழிக்கவேண்டும்.

நெருக்கமான இரண்டும் புதிய ஒன்றும்

இதற்குத்தான் மாடல் வேண்டும். முதலில் சில நூறு பதார்த்தங்களைச் சலித்தெடுப்பது, பிறகு அவற்றை நுணுக்கமாக வரிசைப்படுத்துவது என்ற இரண்டு கட்ட முறையை யூடியூப் பொறியாளர்கள் 2016இல் விவரித்தார்கள். இங்கேயும் அதுவே போதும். முதல் கட்டத்துக்கு, ஒருவருடைய வரலாற்றில் அடுத்தடுத்து வரும் பதார்த்தங்களை ஒரு வாக்கியத்தின் சொற்களாகப் பாவித்து வேர்ட்2வெக் (ஒத்த சூழலில் வரும் சொற்களுக்கு நெருக்கமான எண்களைத் தரும்) முறையில் எண்வரிசைகள் பயிற்றலாம். இரண்டாம் கட்டத்துக்கு லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் என்ற எளிய புள்ளியியல் முறையில் தொடங்கி, அதை வெல்ல முடியும் என்று தெரிந்த பிறகு லைட்ஜிபிஎம் போன்ற மர மாடலுக்கு (பல முடிவு மரங்களைச் சேர்த்துக் கணிப்பது) போங்கள். நெட்ஃபிளிக்ஸ் 2006இல் அறிவித்து 2009இல் பரிசளித்த போட்டியில், கணிப்புத் துல்லியத்தை 10 சதவீதம் கூட்டிய வெற்றி மாடலை அந்த நிறுவனம் அப்படியே பயன்படுத்தவில்லை. அதைச் செயல்படுத்தும் உழைப்புக்கு ஏற்ற பலன் வராது என்று கணித்தார்கள். மாடலின் சிக்கலைக் கூட்டுமுன் அதை நினைவில் வைப்பது நல்லது.

ரேட்டிங்கை அப்படியே நம்பாதீர்கள். இரண்டே பேர் ஐந்து நட்சத்திரம் கொடுத்த பதார்த்தமும் 300 பேர் சராசரி 4.5 கொடுத்ததும் ஒன்றல்ல. மொத்தச் சராசரி 4.1 என்றால், ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் 4.1 மதிப்புள்ள 20 கற்பனை ரேட்டிங்குகளைச் சேர்த்துக் கணக்கிடுங்கள். முதலாவது 4.18 ஆகும், இரண்டாவது 4.475இல் நிற்கும். டெலிவரி தாமதமானதற்காகக் கொடுத்த ஒரு நட்சத்திரம் உணவின் கணக்கில் ஏறுவது இன்னொரு அநியாயம். சொன்ன நேரத்தைவிட 20 நிமிடத்துக்கு மேல் தாமதமான ஆர்டர்களின் ரேட்டிங்கை உணவுக் கணக்கிலிருந்து விலக்குங்கள், அல்லது உணவுக்கும் டெலிவரிக்கும் தனித்தனியாகக் கேளுங்கள்.

புதிய அட்டைக்குத் தாம்ஸன் சாம்பிளிங் (நிச்சயமில்லாதவற்றுக்கும் வாய்ப்புக் கொடுத்துக் கற்கும் முறை) போதும். 1933இலேயே வந்த முறை, இன்றும் எளிமையில் அதை மிஞ்ச ஆளில்லை. ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் பீட்டா பரவலை (ஒரு வாய்ப்பைப் பற்றிய ஊகத்தை இரண்டு எண்களால் குறிப்பது) 1, 19 என்று தொடங்குங்கள், அதாவது தொட 5 சதவீத வாய்ப்பு. தொட்டால் முதல் எண்ணில் ஒன்று கூட்டுங்கள், பார்த்தும் தொடாவிட்டால் இரண்டாவதில். ஒவ்வொரு முறையும் பரவலிலிருந்து ஓர் எண் எடுத்து, பெரியது எதுவோ அதைக் காட்டுங்கள். ஒரே புதிய பதார்த்தத்தை ஒருவர் மூன்று முறை பார்த்தும் தொடவில்லை என்றால் 30 நாள் அவருக்குக் காட்டவேண்டாம்.

இந்த ஆறு இடங்களில் எதையும் விளம்பரத்துக்கு விற்காதீர்கள் என்று உறுதியாகச் சொல்வேன். ‘இந்த வேளைக்கு’ என்ற தலைப்பின் கீழ் காசு வாங்கி ஒரு கடையை வைத்தது தெரிந்த நாளில் மற்ற ஐந்து அட்டைகளின் நம்பிக்கையும் சேர்ந்தே போகும். விளம்பரத்துக்கு வேறு இடம், வேறு நிறம், தெளிவான பெயர்.

கடைகளின் பக்கமும் யோசிக்கவேண்டும். ஒரே பகுதியில் ஆயிரம் பேருக்கு ஒரே கடையை மேலே காட்டினால் அந்தச் சமையலறை திணறும், உணவு தாமதமாகும், ரேட்டிங் சரியும். கடை ஒன்று கடந்த அரைமணியில் சமைக்க எடுத்த நேரம் அதன் வழக்கத்தைவிட 1.5 மடங்கைத் தாண்டினால் நெருக்கமானவை, புதியவை ஆகிய இடங்களிலிருந்து அதைத் தற்காலிகமாக எடுத்துவிடுங்கள். முன்பு வாங்கியவர்களுக்கு மட்டும் உண்மையான நேரத்தோடு காட்டலாம்.

திரையில்

முதல் அட்டை முழுதாகவும் இரண்டாவது பாதியாகவும் தெரியட்டும். பக்கவாட்டில் நகர்த்தலாம் என்று விளக்கம் எழுதாமலே புரியும். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு வரிக் காரணம்: ‘சென்ற செவ்வாய் வாங்கியது’, ‘நீங்கள் வாங்கும் கடைக்குப் பக்கத்துக் கடை’. காரணம் பயனர் நினைவுகூரக்கூடிய நிகழ்வாக இருக்கவேண்டும். ‘நீங்கள் தனியாக இருக்கும் இரவுகளில்’ என்பது போன்ற வரிகள் உண்மையாகவே இருந்தாலும் எழுதக்கூடாது. பக்கத்தில் இருப்பவரும் அந்தத் திரையைப் பார்ப்பார்.

அட்டையை அழுத்திப் பிடித்தால் இரண்டு தேர்வுகள்: ‘இன்று வேண்டாம்’, ‘இனி வேண்டாம்’. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் இன்றைக்கு மனமில்லை என்று தள்ளியவரின் பிடித்தமான கூடை என்றென்றைக்கும் மறைந்துபோகும். வரிசை தாமதமாக வந்து கீழே உள்ளவற்றைத் தள்ளினால் விரல் வேறொன்றில் விழும், ஆகவே அதன் உயரத்தை முன்கூட்டியே ஒதுக்கிவையுங்கள். பட்டன்கள் ஆண்ட்ராய்டில் 48 டிபி, ஐபோனில் 44 பாயிண்ட் (இரண்டும் திரையில் அளவைக் குறிக்கும் அலகுகள்) என்பதற்குக் குறையவேண்டாம். எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5க்கு 1 என்ற ஒளிர்வு வேறுபாடு வேண்டும். உணவுப் படத்தின் மேலேயே வெள்ளை எழுத்தை வைத்தால் இது பெரும்பாலும் தவறிவிடும்.

வரிசை முழுவதும் 200 மில்லி நொடிக்குள் வரவேண்டும். முன்பு வாங்கிய கூடைகளின் மதிப்பெண்களை இரவில் கணக்கிட்டுவைத்து, வேளை எடையை மட்டும் அந்த நேரத்தில் பெருக்குங்கள். மாடல் 120 மில்லி நொடிக்குள் பதில் தராவிட்டால் மூன்று பழைய கூடைகளை மட்டும் காட்டி முடித்துவிடலாம். சுழலும் வட்டத்தைவிட அது மேல்.

லாகும் சோதனையும்

தொட்டதை மட்டும் பதிவுசெய்தால் எதுவும் கற்க முடியாது, பார்த்ததையும் பதிவுசெய்யவேண்டும். பாதி அட்டையாவது தொடர்ந்து ஒரு நொடி திரையில் இருந்தால் ‘பார்த்தார்’ என்று கொள்ளலாம். ஆன்லைன் பேனர் விளம்பரங்களிலும் இதே அளவுகோல்தான். எந்த இடத்தில் இருந்தது என்பதும் சேரட்டும். முதல் இடத்தில் எதை வைத்தாலும் கொஞ்சம் தொடுவார்கள், அதை ருசி என்று மாடல் எடுத்துக்கொண்டால் மேலே இருப்பது மேலேயே இருக்கும். நூற்றில் ஒரு பங்குப் பார்வைகளில் ஆறின் வரிசையைக் குலுக்கிப்போட்டு அந்தச் சார்பை அளந்துகொள்ளுங்கள். அட்டை காட்டிய நொடியில் மாடலுக்குள் போன எண்களையும் சேர்த்து எழுதிவைக்கவேண்டும். பிறகு தரவுக் கிடங்கிலிருந்து மறுபடி கணக்கிட்டால் அதே எண் வராது.

முதல் சோதனை பழைய தரவில். ஆர்டர்களைக் குலுக்கிப் பிரிக்காதீர்கள், காலத்தால் பிரியுங்கள்: எட்டு வாரம் கற்க, அடுத்த இரண்டு வாரம் சோதிக்க. குலுக்கினால் நாளை நடந்ததைப் பார்த்து நேற்றைக் கணிக்கும். ஒப்பிடவேண்டிய எதிராளி ‘கடைசியாக வாங்கிய மூன்று’ என்ற மிக எளிய விதி. அது எதிர்பாராத அளவு வலுவானது. அதை வெல்லாத மாடலை வெளியே விடாதீர்கள்.

பிறகு நேரடிச் சோதனை: பயனர்களை இரண்டு பக்கமாகப் பிரித்து, ஒரு பக்கத்துக்கு மட்டும் மாற்றத்தைக் காட்டி ஒப்பிடுவது. ஆப்பைத் திறப்பவர்களில் 10 சதவீதம் ஆர்டர் போடுகிறார்கள், அது 10.5 ஆனால் தெரியவேண்டும் என்றால் தோராயக் கணக்கு இது: 0.1ஐயும் 0.9ஐயும் பெருக்கி, 16ஆல் பெருக்கி, வித்தியாசமான 0.005இன் வர்க்கத்தால் வகுக்கவேண்டும். ஒவ்வொரு பக்கமும் 57,600 பேர். 10.2ஐக் கண்டுபிடிக்க 3,60,000 பேர். சிறிய ஆப் என்றால் சிறு மாற்றங்களைச் சோதிக்காதீர்கள், பெரிதாக மாற்றிப் பாருங்கள். பிரிப்பது பயனர் அளவில், ஒவ்வொரு திறப்புக்கும் அல்ல. முழு வாரங்களாக, குறைந்தது இரண்டு வாரம் ஓடட்டும்; புதுமைக்காகத் தொடுபவர்கள் முதல் சில நாளில் அதிகம். இரண்டு பக்கத்தின் எண்ணிக்கை 50க்கு 50 என்று திட்டமிட்டு 51க்கு 49 வந்தால், இத்தனை ஆயிரம் பேரில் அது தற்செயல் அல்ல. முடிவைப் படிக்குமுன் பிரிக்கும் நிரலைப் பாருங்கள்.

ஆர்டர் எண்ணிக்கை கூடினால் மட்டும் போதாது. கேன்சல், ரீஃபண்ட், ‘இனி வேண்டாம்’ அழுத்தியவர்களின் விகிதம், ஒரு மாதத்தில் முயன்ற புதிய கடைகளின் எண்ணிக்கை, திறந்ததிலிருந்து ஆர்டர்வரை ஆன நேரம் எல்லாவற்றையும் பக்கத்தில் வையுங்கள். மேலே சொன்ன சமையலறை நெரிசல் விதி மாதிரி டெலிவரி நேரத்தையே மாற்றுபவற்றைப் பயனர் பிரிவில் சோதிக்க முடியாது, ஏனென்றால் இரண்டு பக்கத்தினரும் அதே சமையலறையையும் அதே டெலிவரி ஆட்களையும் பகிர்கிறார்கள். அவற்றுக்குப் பகுதியையும் நேரத்தையும் துண்டுகளாக்கி, ஒரு துண்டில் விதியை இயக்கி அடுத்ததில் அணைத்து ஒப்பிடவேண்டும்.

வெளியீடு 1, 5, 25, 50 சதவீதம் என்று ஏறட்டும், ஒவ்வொரு படியிலும் வார இறுதி ஒன்றாவது கடக்கட்டும். இறுதியிலும் 5 சதவீதப் பயனர்களுக்கு இந்த வரிசையைக் காட்டாமல் வைத்திருங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த ஆட்களை மாற்றுங்கள். வரிசை வந்த பிறகு உருவாகும் ஆர்டர் தரவெல்லாம் வரிசையே தூண்டியது; அது இல்லாமல் மக்கள் என்ன சாப்பிட்டிருப்பார்கள் என்று சொல்லக்கூடிய தரவு இந்த 5 சதவீதத்திடம் மட்டும்தான் இருக்கும்.